விலங்குச்சாமி வீட்டுக் காவல்

பலாக்குழி, கொல்லிமலை
3 ஜூன் 2025

சென்னையில் குளிர்சாதன அறையில் வீற்றிருக்கும் என் பெரியப்பா மகள் பூங்குழலி அக்காவுக்கு,

ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் இல்லத்து வெள்ளைச் சேவல் சென்ற ஞாயிறு காலை ஏழு பத்துக்கு மிளகுக் குழம்பில் இயற்கை எய்தியது. அன்னாருக்கு வயது ஒன்றரை. அன்னாரின் இரண்டு கால்களும் ஊர்ப் பெரியவர் கருப்பண்ணன் மாமாவின் இலையில் நல்லடக்கம் செய்யப்பட்டன. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்ட விருந்து அது.

குற்றம் சின்னது. "கரண்ட் ஆபீஸ்லருந்து பேசறேனுங்க, மீட்டர் டெஸ்ட்டு. தலையில சொம்புத் தண்ணி வெச்சு ஒத்தக்கால்ல நில்லுங்க" என்று போன் செய்தேன். மனுசன் பதினோரு நிமிஷம் நின்றிருக்கிறார். அம்மா என் போனை ராகிக் குதிருக்குள் போட்டு மூடிவிட்டாள். நீயும் எல்லாம் காகிதத்தில் வேண்டும் என்று சொல்லியனுப்பினாய். ஆகவே கடிதம். அம்மா சுகம். அப்பா மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் வண்டியோடு பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கிறார். உன் இருமல் போச்சா?

இனி விஷயம். உனக்கு எல்லாம் தெரியும், ஆனால் உன் மியூசிய ஆபீஸ் ஃபைலுக்குத் தெரியாதே. ஃபைலே, கேள். எங்கள் ஊரில் விலங்குச்சாமி என்று ஒரு சாமி. விலங்கு என்றதும் கரடி, சிறுத்தை என்று நினைக்காதே, கைவிலங்கு. முழ அகலப் பலகையில் தீட்டிய படம். கல் சுவர், இருட்டு, தாடிக்காரக் கிழவர், இரண்டு கையிலும் சங்கிலி. அவ்வளவுதான். மீதியெல்லாம் கற்பூரக் கரி. ஏழு வீடுகள் வருஷத்துக்கு ஒரு வீடாக வைத்துக் காக்க வேண்டும். தையில் எங்கள் முறை வந்தது. காலையிலும் பொழுது சாயவும் விளக்கேற்ற வேண்டும். ஏற்றுகிற கை ஒரே கையாக இருக்க வேண்டும், ஆண் கையாக இருக்க வேண்டும். ஏற்றுகிறவன் மலைமேல் பஸ் நிற்கும் சோளக்காடு ஊர் வரை போகலாம், கீழே இறங்கும் பஸ்ஸில் கால் வைக்கக் கூடாது. சாமி சங்கிலியில் கிடக்கும்போது காவல்காரன் மட்டும் ஊர் சுற்றலாமா என்பது சட்டம். அப்பா இல்லாததால் அந்தக் கை என் கை.

எனக்குச் சேலம் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கிடைத்திருக்கிறது அக்கா. ஆகஸ்ட் 11க்குள் நேரில் போய்ச் சேராவிட்டால் இடம் அடுத்தவனுக்கு. என் காவல் முடிவது தை மாதம். எழுபது கொண்டை ஊசி வளைவு இருந்து என்ன, எனக்கு ஒரு நேர்வழி இல்லை. படம் டச்சுக்காரன் வரைந்ததாக இருக்கும் என்று உன் மேலதிகாரி முருகானந்தம் சார் சொன்னாராமே. தயவுசெய்து கொண்டுபோய்விடுங்கள். சாமிக்கும் விடுதலை, ஆசாமிக்கும் விடுதலை.

கைதி எண் 1,
சதீஷ்குமார்

*

சென்னை
12 ஜூன் 2025

அன்புள்ள சதீசு,

சேவலின் ஆன்மா சாந்தியடையட்டும். நான் நலம், இருமல் பாதி. சித்திக்கு முழங்கால் வலி எப்படி என்று நீ எழுதவே இல்லை.

சாரிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். 'ஃபைலே, கேள்' என்ற இடத்தில் சிரித்துவிட்டார். பிறகு இரண்டு கேள்வி கேட்டார். படம் யாருடையது? யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது? உரிமையாளர் என்ற கட்டத்தில் ஒருவர் கையெழுத்துப் போடாமல் எங்கள் அருங்காட்சியகம் அதைத் தொடக்கூட முடியாது.

ஏழு வீட்டிலும் கேள். பலகையின் பின்பக்கம் ஏதாவது எழுத்து, முத்திரை, ஒட்டிய காகிதம் இருக்கிறதா என்று பார். முன்பக்கத்தைத் தொடாதே. துடைக்காதே. எண்ணெய் பூசாதே. உன்னைப் பற்றித் தெரிந்ததால் மூன்று முறை எழுதுகிறேன்: தொடாதே, தொடாதே, தொடாதே.

சித்தியை விசாரித்ததாகச் சொல்.

அக்கா பூங்குழலி

*

பலாக்குழி
20 ஜூன் 2025

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் அம்மாவைப் போலவே, வாயைத் திறந்து எதையும் சொல்வதில்லை.

ஏழு வீடும் ஏறி இறங்கினேன். இந்த ஊரில் ஒரு பலாப்பழத்துக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடுவார்கள். சாமி படத்துக்கு ஒருத்தரும் இல்லை. கருப்பண்ணன் மாமாவிடம் கேட்டேன்.

"ஏனுங்க மாமா, படம் ஆருதுங்க?"

"ஆருதுமில்ல."

"உங்க ஊட்ல ஒரு வருசம் இருந்துச்சில்லீங்க?"

"மழைக்கு ஒதுங்குனவனும்தான் ஊட்ல இருக்கறான். அவன் என்னுதாகிருவானா? காக்கறதுதாண்டா நம்ம வேலை. கரண்ட் ஆபீசுல கேட்டுப் பாரு, போ."

இன்னும் கோபம்.

அவர் சொன்ன கதை இது. அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் இங்கே காப்பித் தோட்டம் போட்ட ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு மலைக்காய்ச்சல். ஏழு பேர் டோலி கட்டி அடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு இறக்கினார்கள். இறங்குமுன் துரை இந்தப் படத்தை அந்த ஏழு பேரிடம் கொடுத்து, திரும்பி வருகிறவரை வைத்திருங்கள் என்று கும்பிட்டாராம். துரை வரவில்லை. ஏழு பேரின் வீடுகள்தான் இந்த ஏழு வீடு.

பின்பக்கம் பார்த்தேன். மரத்தில் சூடு போட்ட மாதிரி ஒரு முத்திரை. இரண்டு காகிதம். ஒன்றில் 43 என்ற எண்ணும் செல்லரித்த எழுத்துகளும். இன்னொன்று கை எழுத்து, ஆங்கிலம். எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதியிருக்கிறேன், தனித்தாளில். இப்படித் தடயம் பிடிப்பதற்கு எனக்கு நீங்கள் வேலையே கொடுக்கலாம். 11ஆம் தேதிக்கு இன்னும் ஐம்பத்திரண்டு நாள்.

துப்பறியும்,
சதீசு

*

சென்னை
1 ஜூலை 2025

அன்புள்ள சதீசு,

நலம்தானே? இங்கே வெயில் குறையவில்லை.

உன் தாளைப் படித்தோம். நன்றாகவே பார்த்து எழுதியிருக்கிறாய். முதல் காகிதம் நாகப்பட்டினத்து ஏலச் சீட்டு. டச்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போனபோது தட்டுமுட்டுச் சாமான்களை விற்றிருக்கிறார்கள், அதில் 43ஆம் உருப்படி. இரண்டாவது துரையின் கை. '1897. வந்து எடுத்துக்கொள்ளப்படும்.' பெயர் இல்லை. ஆக, மாமா சொன்னது உண்மை. நூற்று இருபத்தெட்டு வருஷமாகக் காவல் உண்டு, உரிமையாளர் கிடையாது. சார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய படிவத்தில் காவலுக்குக் கட்டம் இல்லை.

படத்தைப் பற்றி. பைபிளில் பேதுரு என்பவர் சிறையில் சங்கிலியோடு கிடப்பார், ஒரு தேவதூதன் வந்து விடுவிப்பான். உங்கள் கிழவர் அவராக இருக்கலாம். ஆனால் தூதன் இல்லையே. யாரோ அச்சுப்படத்தைப் பார்த்து அரைகுறையாக வரைந்தது என்று சார் நினைக்கிறார். ஓவியரின் பெயரோ முதலெழுத்தோ இருந்தால் கதை வேறு, உடனே நேரில் வந்திருப்போம் என்றார். அந்தக் காலத்தில் பெரும்பாலும் கீழ் மூலையில் போடுவார்கள். இல்லாததற்கு என்ன செய்ய.

மனதைத் தேற்றிக்கொள் கண்ணு. வேறு வழி யோசிப்போம்.

அக்கா

*

பலாக்குழி
5 ஜூலை 2025

அருமை அக்காவுக்கும் மதிப்புக்குரிய முருகானந்தம் சாருக்கும்,

உட்கார்ந்திருந்தால் எழுந்து நில்லுங்கள். நின்றுகொண்டிருந்தால் எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து கிடைத்துவிட்டது!

நேற்றுச் சாயங்காலம் விளக்கேற்றும்போது வலது கீழ் மூலையில் மினுங்கியது. மூன்று ஆங்கில எழுத்தும் 1641 என்ற வருஷமும். பட்டர் பேப்பர் வைத்து நகல் எடுத்து இணைத்திருக்கிறேன். இத்தனை வருஷம் ஏழு வீட்டுக் கண்ணுக்கும் தெரியாதது என் கண்ணுக்குத் தெரிந்தது எப்படி என்று கேட்பீர்கள். கண்ணு என்று என்னைச் சும்மாவா கூப்பிடுகிறார்கள்?

சீக்கிரம் வாருங்கள். கையெழுத்து ஓடிவிடாது, தேதி ஓடிக்கொண்டிருக்கிறது.

கண்டுபிடிப்பாளர்,
சதீஷ்குமார்

*

சென்னை
9 ஜூலை 2025

சதீசு,

சுகம். 17ஆம் தேதி சாரும் நானும் வருகிறோம். அதுவரை படத்தின் பக்கம் விளக்கைத் தவிர எதையும் கொண்டுபோகாதே.

அக்கா

*

பலாக்குழி
20 ஜூலை 2025

அக்காவுக்கு,

நீங்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். இங்கே நலம் என்று எழுத வழியில்லை.

நீங்கள் ஜீப் ஏறிய அன்றைக்கே சாயங்காலம் ஏழு வீடும் எங்கள் வாசலில் கூடிவிட்டது. சார் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது நீ பஞ்சுக் குச்சியை வாயில் வைத்து நனைத்துச் சாமியைத் துடைத்ததைக் கருப்பண்ணன் மாமா கதவிடுக்கில் பார்த்துவிட்டார்.

"எச்சி! சாமி மேல எச்சி! நம்ம ஊட்டுப் புள்ளயே இப்படிப் பண்ணுச்சுன்னா எங்க போய்ச் சொல்றது?" என்று துண்டை உதறினார். கிழவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். படிச்ச திமிரு, பட்டணத்துத் திமிரு என்று உன் பெயர் படாத பாடு பட்டது. அம்மா சாணி கரைத்து வாசல் தெளித்தாள்.

தீர்ப்பு: தீட்டு எந்த வீட்டில் நடந்ததோ அந்த வீடே பரிகாரம் செய்ய வேண்டும். காவல் இன்னும் ஒரு வருஷம் கூடுதல். இந்தத் தை இல்லை அக்கா, அடுத்த தை.

சேலம் போச்சு. காலையில் சோளக்காட்டில் நின்று பஸ் திரும்புவதைப் பார்த்துவிட்டு வந்தேன். கண்டக்டர் "ஏறலியா தம்பி?" என்றான். இல்லீங்க, வழியனுப்ப வந்தேன் என்றேன். யாரை என்று அவனும் கேட்கவில்லை.

உன் பெட்டியில் எத்தனை பாட்டில் மருந்து இருந்தது. எச்சில்தானா கிடைத்தது உனக்கு? ஏன் அக்கா அப்படிச் செய்தாய்?

சதீஷ்குமார்

*

சென்னை
29 ஜூலை 2025

சதீசு,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தேன்.

ஏன் செய்தேன் என்றா கேட்கிறாய்? சொல்கிறேன். 1641இல் போட்ட கையெழுத்து, நூறு வருஷக் கற்பூரக் கரிக்கு மேலே உட்கார்ந்திருந்தது. அது முதல் அதிசயம். விரலை வைத்தேன், ஒட்டியது. முந்நூற்றெண்பத்து நாலு வருஷமாகக் காயாத கையெழுத்து. அது இரண்டாவது. முகர்ந்தால் விளக்கெண்ணெய். காவிப் பொடியைக் குழைத்துத் தீக்குச்சியால் எழுதியிருக்கிறாய். விளக்கெண்ணெய் காயாதுடா முட்டாளே.

பெட்டி ஜீப்பில். சார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தார். அவர் கண்ணில் பட்டிருந்தால் நம் ஊர் மொத்தமும் போலி செய்கிற ஊர் என்று ஃபைலில் ஏறியிருக்கும். வாயில் இருந்ததுதான் கைக்குக் கிடைத்தது. எங்கள் வேலையில் எச்சிலால் அழுக்கெடுப்பது எல்லா நாட்டிலும் உண்டு, அதில் எனக்கு வெட்கமில்லை. ஏதோ பழைய கீறலை எழுத்து என்று தவறாக எண்ணிவிட்டோம் என்று சாரிடம் சொன்னேன். அதில்தான் வெட்கம். ஃபைலில் நான் எழுதிய முதல் பொய் அது.

இன்னொன்று. உன் எழுத்தோடு கொஞ்சம் கரியும் வந்தது. அடியில் ஒரு கால். வெள்ளையாக, செருப்பில்லாமல், தரையில் ஊன்றிய பாதம். கிழவருடையது இல்லை. அந்த இருட்டுக்குள் இன்னொருவர் நிற்கிறார். ஊர் இத்தனை வருஷம் பார்த்தது பாதிப் படம்.

நான் மறுபடி வந்து மீதியைத் துடைக்க வேண்டும். நான் எதைத் துடைத்தேன் என்று ஊருக்குத் தெரியாதவரை அது நடக்காது. நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டிய வாய் உன்னுடையது. 11ஆம் தேதிக்குப் பதின்மூன்று நாள் இருக்கிறது.

சித்தியைப் பார்த்துக்கொள்.

பூங்குழலி

*

பலாக்குழி
9 ஆகஸ்ட் 2025

வீரத் தமக்கைக்கு வீரத் தம்பி எழுதுவது,

நலம், நலம், மூன்று போகம் நலம்!

நேற்றுக் காலை ஏழு வீட்டையும் நானே கூட்டினேன். நடுவில் போய் நின்றேன். "பெரியவங்களே, எங்கக்கா சாமியத் துடைக்கலீங்க. என் திருட்டுத்தனத்தைத்தான் துடைச்சுது. காவி என்னுது, எண்ணெ என்னுது, குச்சி என்னுது. தண்டனை எதானாலும் எனக்குக் குடுங்க" என்றேன். குரல் ஒரு இடத்தில்கூட ஆடவில்லை. கூட்டம் அசந்துவிட்டது. கருப்பண்ணன் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்.

பிறகு எல்லோரையும் உள்ளே அழைத்துப்போய் அந்தப் பாதத்தைக் காட்டினேன். பேதுரு கதையைச் சொன்னேன். "சாமிக்குத் தொணை வந்தாச்சு. இனிக் காவல்காரனுக்கு வெலங்கு வேண்டாம்" என்று மாமா சொன்னார். நூற்று இருபத்தெட்டு வருஷச் சட்டம், ஒரு பேச்சில் போச்சு! நீ வந்து மீதியைத் துடைக்கவும் சம்மதம், எச்சில் மட்டும் கூடாதாம்.

நாளை காலை பஸ். அப்பாவும் போனில் சரி என்றார். சேலம் விலாசம் கீழே.

விடுதலை வீரன்,
சதீஷ்குமார்

*

சென்னை
19 ஆகஸ்ட் 2025

என் சாமி,

விடுதிச் சாப்பாடு எப்படி? தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?

உன் கடிதத்தைச் சாரிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். அதற்கு முன் என் பொய்யையும் சொன்னேன். நீ ஊருக்கு நடுவில் நின்று சொல்லியிருக்கும்போது நான் ஓர் அறைக்குள் சொல்லமாட்டேனா? அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "அந்தப் பையன் முதுகெலும்புள்ளவன்" என்றார்.

ஃபைல் முடிந்தது. ஓக் மரப் பலகை, டச்சு நாட்டுக் கை, பதினேழாம் நூற்றாண்டு. வரைந்தவர் தெரியவில்லை, அச்சுப்படத்தைப் பார்த்து எழுதியது. பெரிய பெயர் எதுவும் இல்லை. படம் பலாக்குழியிலேயே இருக்கும், அக்டோபரில் நான் வந்து சுத்தம் செய்வேன். உரிமையாளர் கட்டத்தில் 'அறியப்படவில்லை' என்று போட்டு, அதற்குக் கீழே சார் தன் கையால் ஒரு புதுக் கட்டம் போட்டார். காப்பவர். அதில் உன் பெயரை எழுதியிருக்கிறோம்: சதீஷ்குமார், பலாக்குழி, தவறைத் தானே முன்வந்து சொன்னவர்.

நன்றாகப் படி.

உன் அக்கா

*

சேலம்
30 ஆகஸ்ட் 2025

அக்கா,

சுகமாக இருக்கிறேன். சாம்பார் தண்ணியாக இருக்கிறது, தண்ணி சாம்பாராக இருக்கிறது. உன் கடிதம் வந்து எட்டு நாள். தினமும் பதில் எழுத உட்கார்ந்து, சாப்பாட்டைப் பற்றி நாலு வரி எழுதிக் கிழித்துவிட்டேன்.

அந்தக் கட்டத்தில் என் பெயரை அடித்துவிடு.

கூட்டத்தைக் கூட்டியது நான்தான், அது நிஜம். நடுவில் போய் நின்றதும் நிஜம். வாயைத் திறந்தேன், விக்கல் வந்தது. ஒன்றில்லை, இரண்டில்லை, வரிசையாக. "என்னடா சாமி, கூட்டத்தக் கூட்டி வெச்சுட்டு விக்கிக்கிட்டு நிக்கறே?" என்று கருப்பண்ணன் மாமா கேட்டார். "தண்ணி வேணுங்க" என்றேன். நான் பேசிய வீரவசனம் மொத்தமும் அவ்வளவுதான்.

அம்மா சொம்போடு வந்தாள். அதை என் கையில் கொடுத்துவிட்டு அவள் பேசினாள். "தப்பு இவனுதுங்க. பூங்குழலி தொடச்சது இவன் கிறுக்குனதத்தானுங்க. எண்ணெப் பாட்டில் மூடியில இவன் காவி வெரலு அப்படியே இருக்குது, நான் அன்னிக்கே பாத்தேன்" என்றாள். அன்றைக்கே பார்த்திருக்கிறாள் அக்கா. வாசலில் சாணி தெளித்தபோதும் அவளுக்குத் தெரியும். நான் சொல்வேன் என்று இருபத்திரண்டு நாள் பார்த்திருக்கிறாள்.

பாதத்தைக் காட்டியதும் அவள்தான். மாமா குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "சரி, சாமிக்குத் தொணை இருக்குது. வெளக்கு ஆரு ஏத்தறது?" என்றார். சட்டம் எங்கும் போகவில்லை. ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. நீ துடைக்கச் சம்மதம் என்றது மட்டும்தான் நிஜம்.

"நான் ஏத்தறேனுங்க" என்றாள் அம்மா.

"பொம்பள ஏத்தறதா?"

"திரி ஆம்பள பொம்பள பாத்துங்களா எரியுது? அடுத்த தை வரைக்கும் சோளக்காடு தாண்ட மாட்டேன். இவன எறக்கி உடுங்க."

மாமா அரை மனதாகத் தலையாட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் விஷயம். விக்கல் அப்போது நின்றிருந்தது. 'வேண்டாம்மா, நானே இருக்கேன்' என்று சொல்ல நேரமும் இருந்தது, வாயும் இருந்தது. தண்ணியைக் குடித்துக்கொண்டு நின்றேன். சொம்பு காலியான பிறகும் வாயிலிருந்து எடுக்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அம்மா சோளக்காடு வரை வந்து, மிளகு மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று, "போய்ட்டு வாரேன்னு சொல்லு சாமி" என்றாள். முதல் வளைவு திரும்பினபோதுதான் சொல்லாமல் வந்துவிட்டேன் என்று தெரிந்தது.

காப்பவர்: ராமாயி, பலாக்குழி. மாற்றி எழுது. தானே முன்வந்து சொன்னவர் என்பதை அப்படியே விட்டுவிடலாம், அது சரிதான். சாரிடம் இதையும் படித்துக் காட்டுவாய் என்று தெரியும். முதுகெலும்பு வரும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகப் படி.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் ஏற்றுகிறேன், அம்மா கீழே இறங்கி முழங்காலைக் காட்டிவிட்டு வரட்டும் என்று கருப்பண்ணன் மாமாவிடம் கேட்கப் போகிறேன். ஒரே கைதான் ஏற்ற வேண்டும் என்பார். இரண்டும் ஒரே வீட்டுக் கைதானுங்க என்று சொல்வேன். எழுதும்போது நன்றாகத்தான் இருக்கிறது. என் பேச்சை நம்ப வேண்டாம் அக்கா. மலைக்குக் கீழே சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்மா உனக்குப் போன் செய்தால் நம்பு.

சதீசு